டிக்கி காரும் நீளவண்டியும்

உடுமலைப்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் வாசல். இரண்டு கார்கள் ஒட்டினாற்போல் நிற்கின்றன. முன்னால் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே டீசல் என்ஜின். வெள்ளி நிறக் கார் என் கொழுந்தனார் பூபதியுடையது. அது செடான், பின்னால் தனியாக டிக்கி வைத்தது. நீல நிறக் கார் எங்களுடையது. கூரை கடைசிவரை நீண்டுபோய், பின்னால் ஒரு கதவு வைத்து அடைத்தது. ஸ்டேஷன் வேகன் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நீளவண்டி.

நீளவண்டியின் பின்கதவு மேலே தூக்கியிருக்கிறது. உள்ளே இரண்டு அரிசி மூட்டையும் ஒரு சாக்குத் தேங்காயும் கிடக்கின்றன. ஆனி மாதத்துக் காற்று அந்தக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கே தலையில் விழுந்துவிடுமோ என்று நான் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவள் பூபதியின் மனைவி கவிதா. ஏழு மாதம்.

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். இத்தனை நாள் கழித்தும், எங்காவது காரின் பின்கதவு காற்றில் ஆடினால் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்முன் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்கு அவ்வளவு பயந்தேன் என்பது விளங்காது.

அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று

அப்போது திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகள் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பி பூபதியும் சேர்ந்து நடத்தியது. கட்டிங், செக்கிங் எல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். ஆர்டர் கொஞ்சம் நிமிர்ந்த வருடத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கார் எடுப்பது என்று முடிவானது.

பூபதி யோசிக்கவே இல்லை. செடான்தான். "கார்னா காராட்ட இருக்கோணுங்க. மூஞ்சி ஒருபக்கம், டிக்கி ஒருபக்கம்."

என் வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு. துணி ரோல், சாம்பிள் பெட்டி, கோவை ஏர்போர்ட்டுக்கு அவசரமாகக் கொண்டுபோகிற கார்ட்டன், எல்லாவற்றுக்கும் டெம்போவைத் தேடி ஓட முடியாது. "பின்சீட்ட மடக்குனா ஒரு ரூம் ஆயிருது பாரு" என்று ஷோரூமில் உள்ளே ஏறிக் கால் நீட்டிப் படுத்தே காட்டினார். விற்கிற பையன் சிரித்தான்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்களில் ஒருத்தர், நாக்கில் எண்ணெய் தடவிக்கொண்டே பிறந்தவர், வண்டியைச் சுற்றி வந்தார். "என்ன மாப்ள இது, ஆம்புலன்ஸாட்ட இருக்குது? ஊட்டுல யாராவது போயிட்டா வாடகைக்கு வண்டி தேட வேண்டியதில்ல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வண்டிக்கு மறுபடி ஒருமுறை சுற்றிப் போட்டார். எனக்கும் அந்தச் சொல் முள்ளாக உள்ளே போய்த் தங்கிவிட்டது.

அவினாசி ரோட்டில்

எது ஓட்ட நல்ல வண்டி என்று அண்ணன் தம்பிக்குள் ஓயாத வழக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடியால, ரோடு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பேரும் இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு அவினாசி ரோட்டுக்குப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். கார் ஓட்டப் பழகி ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். ஓட்ட நல்ல வண்டி செடான்தான். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருந்தாலும் அதுதான் உண்மை.

கிளம்பும்போது செடான் சட்டென்று எழுந்தது. நீளவண்டிக்கு உடம்பு கொஞ்சம் எச்சு, கனம் அதிகம். அது ஒரு மூச்சு எடுத்துக்கொண்டுதான் நகரும். வேகம் பிடித்த பிறகு இரண்டும் ஒன்றுதான். வளைவில்தான் சங்கதி. செடானைத் திருப்பினால் முன்னும் பின்னும் சேர்ந்தே திரும்பும். நீளவண்டியில் முன்பக்கம் திரும்பி முடித்த பிறகு, பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வந்து சேரும். அந்த ஒரு கணத்தில் முதுகுக்குப் பின்னால் யாரோ இடம் மாறி உட்கார்ந்தது போல இருக்கும்.

சத்தமும் வேறு. செடானில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே தடுப்பு உண்டு. கதவைச் சாத்தினால் வெளியுலகம் வெளியே. நீளவண்டி ஒரே கூடு. பின்சக்கரம் ஏறும் கல்லெல்லாம் உள்ளே டமாரம் அடிக்கும். புதுத் துணியின் கஞ்சி வாசமும் கார்ட்டன் பெட்டி வாசமும் ஏசியோடு சேர்ந்து சுற்றும்.

ரிவர்ஸ் எடுக்க மட்டும் நீளவண்டி சுகம். பின்கண்ணாடி முடிகிற இடத்தில் வண்டியும் முடிந்துவிடும். செடானில் டிக்கி எதுவரை இருக்கிறது என்று கடைசிவரை எனக்குப் புரிந்ததே இல்லை.

"என்னுங்க நங்கையா, எது நல்லாருக்குது?" என்றார் பூபதி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உங்களுதுதானுங்க" என்றேன். வீட்டுக்காரர் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

ஆனால் பிழைப்பு ஓடியது நீளவண்டியில். கார்ட்டன் ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறையாவது அதை நான் ஓட்டினேன். அப்போதுதான் அதன் குணம் பிடிபட்டது. காலியாகப் போனால் பின்பக்கம் துள்ளும். பாரம் இருந்தால் அமுங்கி, தொட்டில் மாதிரி போகும். ஆனால் பாரத்தோடு பிரேக் பிடித்தால் சொன்ன இடத்தில் நிற்காது. பின்னாலிருந்து தள்ளும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே நிற்கும் நினைப்பு வந்துவிட வேண்டும்.

பின்னாலிருந்து தள்ளுவது என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து பயம். பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு இறங்குகிற பள்ளத்தில், மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று என் கண் முன்னாலேயே சாய்ந்தது. ஓட்டியவர் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினார். டிராக்டர் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பின்னால் வந்தது முன்னால் போனதைத் தூக்கிக் கவிழ்த்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடுப்புவரை சோளத்தில் புதைந்து கிடந்தார். ஆனால் அது சாயும்போது வந்த அந்தக் கிரீச் சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை. கார்ட்டன் ஏற்றிய ஒவ்வொரு நாளும் அவினாசி பிரிவில் பிரேக்கில் கால் வைக்கும்போது அது கேட்கும்.

"உக்கார வெச்சுக் கொண்டு போவாதீய"

வளைகாப்பு மாதிரி எங்கள் பக்கம் நடத்துகிற கட்டுச்சோறு விருந்து முடிந்து, கவிதா மடத்துக்குளத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அந்தச் சனிக்கிழமை பூபதி அவளைப் பார்க்கத் தன் காரில் போய்விட்டார். ஞாயிறு காலை நான் நீளவண்டியில் போனேன். பார்த்துவிட்டு, அவள் அப்பா தோட்டத்து அரிசியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வருவதாகத் திட்டம். என் வீட்டுக்காரர் வியாபார விஷயமாகச் சென்னையில் இருந்தார்.

மூட்டை ஏற்றி முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். கவிதா பாத்ரூமிலிருந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒருக்கா இங்க வாங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகத்தில்தான் ரத்தமே இல்லை. ரத்தமெல்லாம் அவள் பாவாடையில் இருந்தது.

பூபதியின் காரில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து, அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு உடுமலைக்கு ஓடினோம். நான் மூட்டைகளோடு பின்னால் ஓட்டிப் போய், அவள் துணிப்பையை எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து நேராகச் சொன்னார்:

"நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்குது. இப்போதைக்கு ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்குது. மறுபடி ஆரம்பிச்சா இங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கோயமுத்தூர் போயிருங்க. நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

அங்கே இருந்த ஒரே ஆம்புலன்ஸ் காலையிலேயே வேறொரு நோயாளியோடு கோவைக்குப் போயிருந்தது. திரும்பி வர நேரமாகும். வேறு எங்கெங்கோ போன் செய்தார்கள். வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

"என்ற கார்லயே போயிர்லாமுங்க" என்றார் பூபதி. "அதுதான் குலுங்காது. வெசையாவும் போகும்."

கூட வரத் தயாராகிவிட்ட நர்ஸ் எஸ்தர் தலையை ஆட்டினாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். குடும்பம் திருப்பூரில் கம்பெனி வேலைக்கு வந்து, இவள் நர்ஸுக்குப் படித்து உடுமலையில் சேர்ந்திருந்தாள். என்னைவிட இளையவள்.

"உக்கார வெச்சுக் கொண்டு போவாதீய. இந்த சீட்டுல படுக்க வெச்சா காலு மடங்கும், திருப்பத்துல உருண்டுருவாவ. நீட்டிப் படுக்கணும். நான் பக்கத்துல இருக்கணும்." அவள் கண் நீளவண்டியின் திறந்த கதவுக்குப் போனது. "அது யாரு வண்டி?"

அப்போதுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த ஒறம்பரைக்காரர் சொன்ன சொல். இவளை இதில் படுக்க வைக்கவா?

"நான் ஓட்டறேன்" என்று பூபதி சாவிக்குக் கையை நீட்டினார். அவினாசி ரோட்டில் விளையாட்டுக்கு ஓட்டியதோடு சரி, பாரம் வைத்து அவர் இந்த வண்டியை ஓட்டியதே இல்லை. செடான் பழக்கத்தில் ஒரு திருப்பத்தில் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தார் என்றால், பின்னால் கிடப்பது கார்ட்டன் அல்ல.

"வேண்டாமுங்க. இதை நான்தான் ஓட்டோணும். நீங்க பின்னால வாங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

தேங்காய்ச் சாக்கை இறக்கினோம். கவிதாவின் அப்பா அரிசி மூட்டையில் கை வைத்தார். "அது இருக்கட்டுமுங்க" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "ரெண்டு மூட்டையும் பின்சக்கரத்து மேல படுக்கப் போடுங்க. பாரமில்லீன்னா துள்ளுமுங்க."

எஸ்தர் உடனே பிடித்துக்கொண்டாள். "நல்லதுதான். மூட்டை மேல காலு வரட்டும். காலு ஒசந்து இருந்தா நல்லது."

பின்சீட்டை மடக்கி நர்சிங் ஹோம் மெத்தையை விரித்தார்கள். தலை என் சீட்டுக்குப் பின்னால், கால் மூட்டை மேல். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். குளுக்கோஸ் பாட்டிலை மேலே கைப்பிடியில் கட்டலாமா என்று கேட்டேன். "ஆடும்மா. நானே புடிச்சுக்கிடுதேன்" என்று எஸ்தர் மண்டியிட்டு உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொண்டாள்.

கவிதாவின் அப்பா பின்கதவைச் சாத்திவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். "சாமி…" என்றார். திரும்பிப் போய்ப் பூபதி வண்டியில் ஏறிக்கொண்டார்.

பொள்ளாச்சி வரைக்கும்

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு ரோடு மேற்கே போகும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நேரே முகத்தில். தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் பேய் பிடித்தது போல் சுற்றிக்கொண்டிருந்தன.

எதிர்காற்று வண்டியைப் பிடித்து இழுத்ததே தவிர ஆட்டவில்லை. மூட்டை பாரத்தில் பின்பக்கம் அமுங்கித்தான் போனது. ஆனால் ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்கள். ஒவ்வொன்றையும் தூரத்திலேயே கண்ணால் பொறுக்கி, சக்கரத்தை விலக்கி, முடியாதபோது வேகத்தைத் தளர்த்தி ஏற்றி இறக்கினேன். முன்சக்கரம் இறங்கும் சத்தம். அடுத்து பின்சக்கரம். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே நான் மூச்சு விடவில்லை.

"வெரசாப் போங்க, ஆனா குலுக்காதீய" என்றாள் எஸ்தர்.

இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்கத் தோன்றியது.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்லீங்க. நிதானமாவே போங்க" என்றாள் கவிதா. என் தலைக்குப் பின்னாலேயே அவள் குரல். செடானாக இருந்திருந்தால் என்ஜின் சத்தம்கூட இவ்வளவு கேட்டிருக்காது. இந்த ஒரே கூட்டுக்குள் அவள் பல்லைக் கடிப்பதுகூட எனக்குக் கேட்டது.

மேலே கண்ணாடியில் பார்த்தால் எஸ்தரின் தூக்கிய கை. அதற்குப் பின்னால், பின்கண்ணாடி வழியாக, விளக்குப் போட்டுக்கொண்டு வருகிற பூபதியின் வண்டி. என் வண்டி முகத்தை நானே பின்னால் பார்ப்பது போல.

கோமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எதிரே ஒரு பஸ் லாரியை முந்திக்கொண்டு என் பக்கமே வந்தது.

முந்தி முடித்துவிடுவான் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. ஹாரன் அடித்தபடி, விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி, நேரே வந்தான். என் கால் பிரேக்குக்குப் போனது. அந்தக் கிரீச் சத்தம் காதில் கேட்டது. காலைப் பாதியிலேயே தளர்த்தி, கியரை இறக்கி, வண்டியை இடதுபுறம் மண்ணில் இறக்கினேன். முன்பக்கம் இறங்கியது. ஒரு கணம் கழித்துப் பின்பக்கம் வந்தது, சரிந்தபடி. ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். புளியமரம் ஒன்று ஜன்னலை உரசுகிற மாதிரி போனது.

பின்னால் தடால் என்று சத்தம். ஏதோ உருண்டது.

பஸ் போய்விட்டது. வண்டி மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் எதைப் பார்ப்பேனோ என்ற பயம்.

"கவிதா!"

பதில் இல்லை.

"கவிதா! ஏனுங்க சிஸ்டர்!"

"மூச்சு இருக்கு" என்றாள் எஸ்தர். அவளே இரைத்துக்கொண்டு. "நான்தான் விழுந்தேன். அவ்வோ கெடக்கற எடத்துல கெடக்காவ. மயங்குன மாரி இருக்கு. நீங்க ரோட்டப் பாருங்கம்மா. இங்க நான் பாத்துக்கிடுதேன்."

ரோட்டைப் பார்த்தேன். மறுபடி மேலே ஏற்றினேன்.

கிணத்துக்கடவுக் காற்று

பொள்ளாச்சியில் ரோடு வடக்கே திரும்புகிறது. அதுவரை முகத்தில் அடித்த காற்று இப்போது இடப்பக்கம் வந்தது. செடானின் பக்கவாட்டு, டிக்கியருகே தாழ்ந்துவிடும். காற்று மேலே தாண்டிப் போய்விடும். நீளவண்டிக்குப் பக்கவாட்டு என்பது ஒரு சுவர். கூரை உயரத்துக்குக் கடைசிவரை ஒரே தகடு.

மரம் இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. மரம் விட்டு வெட்டவெளி வந்ததும் காற்று ஒரு தோளைக் கொடுத்து வண்டியை வலப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் எதிரே வருகிற பஸ்கள். அந்த ரோட்டு பஸ்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரே பெரிய வண்டி ஒன்று கடக்கும்போது அது கிளப்புகிற காற்று வலமிருந்து ஒரு அறை அறையும். கடந்து போனதும் மறுபடி இடமிருந்து. ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து ஆடும்.

ஸ்டீரிங்கை இடப்பக்கமே அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சேலையில் ஒரு கையைத் துடைக்க அந்தக் கையை எடுக்கப் பயம். கிணத்துக்கடவு தாண்டும்போது எஸ்தர் சொன்னாள்:

"மறுபடி போவுது."

ரத்தம்தான் என்று எனக்குப் புரிந்தது.

"இன்னும் எம்புட்டு தூரம்?"

"பக்கம்தானுங்க" என்றேன். பக்கமில்லை.

வேகத்தைக் கூட்டினேன். முள் ஏற ஏறக் காற்று அதிகமாகப் பிடித்தது. குறைத்தால் நேரம் போகிறது. அந்தச் சமயத்தில் எனக்கு அந்த வண்டி மேல் வெறுப்பே வந்தது. செடானாக இருந்தால் அம்பு மாதிரி போயிருக்கலாமே என்று ஒரு மனம். அதில் எங்கே படுக்க வைப்பாய் என்று இன்னொரு மனம். இரண்டும் அடித்துக்கொள்ள, நான் நடுவில் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தேன்.

கோவைக்குள் நுழைந்து, உக்கடம் நெரிசலில் பூபதி எதிர்பாராத ஒன்றைச் செய்தார். அதுவரை பின்னால் வந்தவர் சட்டென்று என்னை முந்தி முன்னால் போனார். விளக்கையும் ஹாரனையும் விடாமல் போட்டு, ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அந்தச் சின்ன வண்டியைச் செருகிச் செருகி வழி பிளந்துகொண்டே போனார். கவிதாவின் அப்பா ஜன்னலுக்கு வெளியே துண்டை வீசிக்கொண்டே வந்தார். அங்கே அந்த செடானை மாதிரி வேறெந்த வண்டியும் பாய்ந்திருக்க முடியாது. அது திறந்த வழியில் நான் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நின்றார்கள். உடுமலை டாக்டரம்மா போன் செய்தது நல்லதாயிற்று. பின்கதவைத் தூக்கி, மெத்தையோடு அவளை அப்படியே வெளியே இழுத்தார்கள். உட்கார வைக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. எஸ்தர் பாட்டிலைப் பிடித்தபடியே கூட ஓடினாள். அவள் நெற்றியில் அடிபட்டு வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் பூபதியும் நானும் உட்கார்ந்திருந்தோம். ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார், கையில் பஞ்சு. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க பின்கண்ணாடியில சிஸ்டரோட கை தெரிஞ்சுட்டே இருந்துச்சுங்க நங்கையா. பாட்டில் புடிச்ச கை. அது நிமுந்து இருக்கற வரைக்கும் அவ இருக்கறான்னு நெனச்சுட்டே வந்தேன்."

நான் தலையாட்டினேன்.

"கோமங்கலத்துக்கு அக்கட்டால நீங்க மண்ணுல எறங்குனீங்களே. அப்பக் கை காணாமப் போச்சுங்க. பொள்ளாச்சிக்குக் கிட்டத்துல வந்துதான் மறுபடி தெரிஞ்சுது."

"சிஸ்டர் குனிஞ்சு அவளைப் பார்த்துட்டு இருந்திருப்பாங்க" என்றேன்.

"ஆமாங்க. இப்பத் தெரியுது. அப்பத் தெரியலீங்களே." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவ்வளவு நேரம் அவரை வேகமாகப் போகிற வண்டிக்காரராக மட்டும்தான் நினைத்திருந்தேன். எனக்காவது கூப்பிட்டுக் கேட்க ஒரு குரல் இருந்தது. அவருக்கு அந்தத் தூரம் முழுக்க ஒரு கண்ணாடியும், அதில் இல்லாத ஒரு கையும்.

கதவு திறந்தது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கவிதாவுக்கு இன்னும் ரத்தம் வேண்டும் என்றார்கள். விஷயம் தெரிந்து, சாயங்காலத்துக்குள் எங்கள் செக்கிங் பெண்களும் டெய்லர்களும் ஒரு வேன் பிடித்துத் திருப்பூரிலிருந்து வந்து வரிசையில் நின்றார்கள். வீட்டுக்காரர் சென்னையிலிருந்து கிடைத்த ரயிலில் வந்து சேர்ந்தார்.

கவிதா தேறி எழுந்தாள். குழந்தை பல வாரம் அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் போன் மணி அடித்தால் யார் எடுப்பது என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஒருநாள் பெட்டியை விட்டு எடுத்துவிட்டார்கள். பால் குடித்தது. அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் என் மாமியார் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

நீளவண்டி மாடலைக் கம்பெனி கொஞ்ச வருடத்தில் நிறுத்திவிட்டது. வாங்க ஆளில்லையாம். எங்களுடையதை ஒரு பவானிக்காரர் ஜமுக்காளம் ஏற்ற வாங்கிப் போனார்.

கவிதா சொன்னது

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ஒரு மத்தியானம். கவிதாவும் நானும் மட்டும் இருந்தோம். குழந்தை அவள் மடியில். அதுநாள்வரை கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ரொம்பக் குலுக்கிட்டனா கவிதா? மண்ணுல எறக்குனப்ப வலிச்சுதா?"

"ரோடெல்லாம் எனக்கு நெனப்பே இல்லீங்கக்கா. நீங்க பேசிட்டே வந்ததுதான் நெனப்பிருக்குது."

"நானா? நான் எங்க பேசுனேன்?"

"உடுமலையில எடுத்த வாய கோயமுத்தூர்லதான மூடுனீங்க!" அவள் சிரித்தாள். "சிஸ்டர்கூடச் சொல்லுச்சுங்க."

எனக்குச் சத்தியமாக நினைவில்லை. "என்ன பேசுனேன்?"

"'இரு கண்ணு, இரு கண்ணு, இதா வந்துருச்சு, இரு.' இதையேதான் திருப்பித் திருப்பி. என்றகிட்டச் சொல்றீங்களா, வயித்துல இருக்கறதுகிட்டச் சொல்றீங்களா, இல்ல அந்த வண்டிகிட்டச் சொல்றீங்களான்னே தெரியலீங்க."

குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைச் சேலை முனையால் துடைத்துவிட்டாள்.

"எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேனுங்க. சரின்னு இருந்துட்டேன்."